பெரட்டிலிருந்து பட்ஜெட் வரை: நிறுவன வியூகத்தின் அன்றாட நடைமுறைகளை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தின் அலுவலகத்தில் பதினோரு மாதம் உட்கார்ந்து என் முதுகலை ஆய்வை முடித்தேன். அதன் பிறகு இதே வகை ஆய்வில் இறங்கிய சில மாணவர்களுக்குத் துணையாக இருந்து வருகிறேன். நான் தடுக்கிய இடங்களில்தான் அவர்களும் தடுக்குகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிறுவனத்தின் வியூகம் ஐந்தாண்டுத் திட்டக் கோப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அதை ஆராய்வது ஒரு வழி. அந்த வியூகத்தை யார், எந்த நேரத்தில், எதைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படிச் செய்கிறார்கள் என்று கிட்ட நின்று பார்ப்பது இன்னொரு வழி. இந்த வழிகாட்டி இரண்டாவது வழிக்கு. இதில் படிகளின் வரிசைதான் பாதி வேலை. பின்னால் செய்ய வேண்டிய நேர்காணலை முன்னால் செய்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ஒன்றும் தேறவில்லை என்று வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன் என்ன வேண்டும்

முதலில் நேரம். வாரத்துக்கு மூன்று நாளாவது களத்தில் இருக்கக்கூடிய குறைந்தது ஆறு மாதம் வேண்டும். மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கவனித்துத்தான் 1973-இல் தன் நூலை எழுதினார், பிறகு நமக்கு ஏன் ஆறு மாதம் என்று ஒரு மாணவி கேட்டார். மின்ட்ஸ்பெர்க்கின் கேள்வி, நிர்வாகிகள் ஒரு நாளில் என்ன செய்கிறார்கள் என்பது. அதற்கு ஒரு வாரம் போதும். நம் கேள்வி, ஒரு முடிவு எப்படி மெல்ல மெல்ல உருவாகிறது என்பது. அது ஒரு வாரத்தில் கண்ணில் படாது.

அடுத்தது தொழிலறிவு. செம்பனையில் ஆராயப் போகிறவருக்குச் சில அடிப்படைகள் தெரிந்திருக்க வேண்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும், தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும். ஒரு பிளாக்கில் (தோட்டத்தின் எண்ணிட்ட பகுதியில்) வெட்டிவிட்டு மறுபடி அதே பிளாக்குக்கு வரும் சுற்று 10 முதல் 14 நாள். சுமார் 25 ஆண்டு ஆனதும் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள், புது மரம் காய்க்க இரண்டரை மூன்று ஆண்டு ஆகும். இவ்வளவும் தெரியாமல் போனால், பெரட்டில் (விடியற்காலையில் பெயர் வாசித்து வேலை பிரிக்கும் கூடலில்) யாரோ சொல்லும் ஒரு சின்ன வார்த்தை எவ்வளவு பெரியது என்று பிடிபடாது.

மற்றவை எளியவை. பையில் அடங்கும் இரண்டு குறிப்புப் புத்தகம், கைக்கடிகாரம், ரப்பர் பூட்ஸ். குறிப்பைக் கைப்பேசியில் எடுக்க வேண்டாம். பேச்சைப் பதிவு செய்கிறீர்களோ என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் போகாது.

1. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் வியூக விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள்

"தோட்டத்தின் அன்றாட வாழ்க்கையை ஆராய்கிறேன்" என்று தொடங்குவதுதான் மிகப் பெரிய தவறு. தோட்டத்தில் எல்லாமே அன்றாடம்தான். தேநீர் இடைவேளையைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்த ஒரு மாணவரை எனக்குத் தெரியும். அழகாக எழுதியிருந்தார். ஆனால் அந்த நிறுவனம் எங்கே போகிறது என்பதோடு அந்த நாற்பது பக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நிறுவனத்தின் போக்கை, பிழைப்பை, போட்டியில் அதன் நிலையைப் பாதிக்கக்கூடிய ஒரு விஷயத்தை முதலில் பிடியுங்கள். மறுநடவு எப்போது, ஆள் பற்றாக்குறையை எப்படிச் சமாளிப்பது, இயந்திரம் வாங்குவதா, நிலத்தை வீடமைப்புக்கு விடுவதா போன்றவை. நான் மறுநடவை எடுத்துக்கொண்டேன். விஷயம் கையில் இருந்தால் பார்ப்பதில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது தெரியும்.

2. கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

ஆய்வுக் கேள்வி "எப்படி" என்று இருக்கட்டும். "மறுநடவு ஏன் தாமதமானது" என்று கேட்டால் எல்லாரும் காரணம் சொல்வார்கள், செய்ததைச் சொல்ல மாட்டார்கள்.

வியூக ஆய்வாளர் ரிச்சர்ட் விட்டிங்டன் 1996-இல் வியூகத்தை ஒரு நடைமுறையாகப் பார்க்கலாம் என்று எழுதினார். 2006-இல் அவர் தந்த பிரிப்பு இன்றும் வேலைக்கு உதவுகிறது: செய்பவர், வழக்கம், செயல். செய்பவர் என்றால் மேனேஜர் மட்டும் இல்லை. கண்டக்டர் (வெளிவேலை மேற்பார்வையாளர்), கிராணி (அலுவலக எழுத்தர்), மண்டோர் (தொழிலாளர் குழுவை நடத்துபவர்), தலைமையகத்துக் கணக்காளர் எல்லாரும் அதில் அடங்குவார்கள். வழக்கம் என்பது பலரும் பகிர்ந்துகொள்ளும் முறை, கருவி, பேச்சு: பட்ஜெட் படிவம், மாதாந்திரக் கூட்டம், "ஹெக்டருக்கு எத்தனை டன்" என்று கணக்குப் பேசுவது. செயல் என்பது அந்த நாளில் அந்த இடத்தில் உண்மையில் நடந்தது.

புதியவர்கள் வழக்கத்தையும் செயலையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "மாதம் ஒரு கூட்டம் நடக்கும்" என்பது வழக்கம். "இந்த மாதம் கூட்டத்தில் பன்னிரண்டாம் பிளாக் பற்றிய பேச்சு வந்ததும் மேனேஜர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்" என்பது செயல். உங்கள் புத்தகத்தில் இரண்டாவது வகை வரிகள் குறைவாக இருந்தால் நீங்கள் இன்னும் களத்துக்குள் போகவில்லை என்று பொருள்.

3. அனுமதி வாங்கும் வரிசை

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில். அதன் பிறகு நிறுவனத்தின் தலைமையகம், பிறகு மேனேஜர். பெரும்பாலானவர்கள் இதோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான அனுமதி இதற்குப் பிறகுதான். பெரிய கிராணியிடம் தனியாகப் போய், என்ன செய்யப் போகிறீர்கள் என்று விளக்குங்கள். பிறகு கண்டக்டர், பிறகு மண்டோர்.

மேனேஜரின் காரில் ஏறித் தோட்டத்துக்குள் முதல்முறை நுழையாதீர்கள். நான் அப்படித்தான் நுழைந்தேன். அடுத்த ஆறு வாரம் நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். தலைமையகம் அனுப்பிய ஆள் என்றே நினைத்திருக்கிறார்கள். பிறகு மோட்டார் சைக்கிளில் தனியாக வந்து, பெரட்டு முடியும் வரை நின்று, உதிரிப் பழம் பொறுக்குபவர்களோடு இரண்டு நாள் நடந்த பிறகுதான் ஒரு மண்டோர், "சாப்ட்டியா தம்பி?" என்று கேட்டார்.

ஒப்புதல் படிவத்தை மலாய், தமிழ் இரண்டிலும் வையுங்கள். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று பல நாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவர்கள் மொழியில் வாய்மொழியாக விளக்க ஆள் வேண்டும். அந்த ஆள் மண்டோராக இருக்கக் கூடாது. மண்டோர் கேட்டால் யார் "வேண்டாம்" என்று சொல்வார்கள்?

4. ஆண்டின் நாட்காட்டியைப் போடுங்கள்

களத்தில் இறங்கிய முதல் வாரத்திலேயே நிதியாண்டு எப்போது முடிகிறது, பட்ஜெட் வரைவு எப்போது தொடங்குகிறது, தலைமையகத்திலிருந்து பார்வைக்கு யார் எப்போது வருவார்கள் என்று கிராணியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வியூகம் வெளிப்படையாகப் பேசப்படும் நாள்கள் ஆண்டில் சிலவே. அந்த நாள்களில் நீங்கள் இல்லாமல் போகக் கூடாது.

அந்தச் சில நாள்களை மட்டும் பார்த்தாலும் போதாது. பட்டணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை ஆராய்ந்த மாணவர் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு மட்டும் போய் வந்தார். எல்லாத் தீர்மானமும் கைதட்டலோடு நிறைவேறிவிட்டது, எழுத ஒன்றுமில்லை என்று சோர்ந்து போனார். அங்கே விவாதம் அதற்கு முந்தைய வாரியக் கூட்டங்களில் நடந்து முடிந்திருந்தது. அதற்கும் முன்னால் கோப்பிக் கடையில் இரண்டு பேர் பேசி வைத்திருந்தார்கள். பெரிய கூட்டத்திலிருந்து பின்னோக்கிப் போய், அதற்குத் தயாராகும் சின்னச் சந்திப்புகளையும் நாட்காட்டியில் சேருங்கள்.

5. பாருங்கள், கேள்வி கேட்காதீர்கள்

முதல் இரண்டு மாதம் பார்ப்பது மட்டும். இங்கேதான் ஆய்வு விளைகிறது. ஒரு காலையைச் சொல்கிறேன்.

விடியற்காலை 5.45. இன்னும் இருட்டு. பெரட்டுக் கொட்டகையில் ஒரு குழல் விளக்கு. மண்டோர் பெயர் வாசிக்கிறார், கிராணி செக் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) குறிக்கிறார். 31 பேர் வர வேண்டிய இடத்தில் 26 பேர். எந்த வேலையைக் குறைப்பது என்று கண்டக்டர் கேட்கிறார். மண்டோர் பன்னிரண்டாம் பிளாக்கைச் சொல்கிறார்.

"பன்னெண்ட நாளைக்கு வச்சிக்கலாம்ணே. அவ்ளோ நீளக் கம்பு தூக்க ஆளு வர மாட்டேங்கிறான்."

கண்டக்டர் தலையாட்டுகிறார். கிராணி வெள்ளைப் பலகையில் இருந்த 12-ஐ விரலாலேயே அழித்துவிட்டு 9 என்று எழுதுகிறார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அன்று என் புத்தகத்தில் "ஆள் குறைவு, 12 ஒத்திவைப்பு" என்று மூன்று நான்கு சொல்லில் எழுதி வைத்தேன். எழுதாமலே விட்டிருப்பேன்.

பல மாதம் கழித்து பட்ஜெட் கூட்டம். திரையில் பிளாக் வாரியாக விளைச்சல் அட்டவணை. பன்னிரண்டாம் பிளாக்கின் எண் சரிந்திருக்கிறது. "மரத்துக்கு வயசாயிருச்சு, மறுநடவ முன்னாடி கொண்டாந்திடலாம்" என்கிறார் மேனேஜர். தலைமையகத்திலிருந்து வந்தவர் ஒத்துக்கொள்கிறார். அந்த அறையில் யாரும் பொய் சொல்லவில்லை. மரத்துக்கு வயதானது உண்மைதான். ஆனால் மரம் உயர்ந்ததால் வெட்டுவது கடினம், கடினம் என்பதால் ஆள் குறைந்த நாளில் முதலில் தள்ளிப்போவது அந்த பிளாக், தள்ளிப்போகப் போகச் சுற்று 20 நாளைத் தாண்டியது, பழம் உதிர்ந்து புல்லுக்குள் அழுகியது, விளைச்சல் சரிந்தது. அட்டவணைக்கு வந்து சேர்ந்தது கடைசி எண் மட்டும். அதன் பின்னால் இருந்த விரல் வரவில்லை.

அந்த விரலைப் பல மாதம் முன்பே பார்த்து வைத்திருந்ததால்தான் பட்ஜெட் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது. மறுநடவு கூட்டத்தில் தொடங்கவில்லை.

கூட்டங்களில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு, பவுலா ஜார்சப்கோவ்ஸ்கியும் டேவிட் சைடலும் மூன்று பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் 51 கூட்டங்களை வைத்து 2008-இல் எழுதிய கட்டுரையின் வழி உதவும். கூட்டம் எப்படித் தொடங்குகிறது, எப்படி நடத்தப்படுகிறது, எப்படி முடிக்கப்படுகிறது என்று தனித்தனியாகக் கவனியுங்கள். நிகழ்ச்சி நிரலை யார் போட்டார், எது கடைசிக்குத் தள்ளப்பட்டது, எதைத் தனிக் குழுவிடம் கொடுத்து அப்போதைக்கு முடித்து வைத்தார்கள் என்பதெல்லாம் வியூகத்தை நகர்த்தும் அல்லது நகரவிடாமல் பிடித்து வைக்கும்.

ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் நிற்க முடியாது. நீங்கள் இல்லாத இடத்தில் நடந்ததை ஒரு மண்டோரிடமோ கண்டக்டரிடமோ வாரம் ஒருமுறை குரல் பதிவாகச் சொல்லச் சொல்லலாம். ஒரு நாளின் ஒரு முடிவு மட்டும் போதும். அதிகம் கேட்டால் இரண்டாம் வாரமே நின்றுவிடும்.

6. அன்றைய குறிப்பை அன்றிரவே எழுதுங்கள்

களத்தில் எடுத்தது சொற்கள்தான். அதை முழு வாக்கியமாக விரிப்பது அன்றிரவு. மறுநாள் இன்னொரு பெரட்டைப் பார்த்துவிட்டால் நேற்றையது அதோடு கலந்துவிடும். ஒரு மணி நேரம் பார்த்ததற்கு இரண்டு மணி நேரமாவது எழுத வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டு நாளைத் திட்டமிடுங்கள்.

பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்டது, கேட்டது. வலப்பக்கம் உங்களுக்குத் தோன்றியது. இரண்டும் ஒரே பத்தியில் இருந்தால், நான்கு மாதம் கழித்து உங்கள் ஊகமே சாட்சியாகி நிற்கும்.

சொன்ன சொல்லை, சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அப்படியே. ஆய்வேடு ஆங்கிலத்தில்தானே என்று அன்றிரவே மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அதனால் என்ன கெடும் என்பதற்கு "பாப்போம்" என்ற ஒரு சொல் போதும். மண்டோர் எதையாவது கேட்கும்போது மேனேஜர் "பாப்போம்" என்றால் அது முடியாது என்பதற்கு மரியாதையான வடிவம். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மேனேஜர் ஒரு வேலையைச் சொல்லி மண்டோர் "பாப்போம்ங்க" என்றால், செய்கிறேன், ஆனால் முடியாமல் போனால் என்னைக் கேட்காதீர்கள் என்று பொருள். தொடக்கத்தில் இரண்டையும் "முடிவு ஒத்திவைக்கப்பட்டது" என்றே எழுதி வைத்தேன். மூலச் சொல் கையில் இல்லாததால் முதல் மூன்று வாரக் குறிப்புகளில் யார் மறுத்தார், யார் ஒப்புக்கொண்டார் என்று பிறகு பிரிக்கவே முடியவில்லை.

7. காகிதத்தின் முதல் வடிவத்தைக் கேளுங்கள்

எல்லாரும் இறுதி பட்ஜெட்டைக் கேட்டு வாங்குகிறார்கள். அது எளிதாகக் கிடைக்கும், அதில் அதிகம் இருக்காது. கிராணியின் கணினியில் உள்ள முதல் வரைவு, தலைமையகம் திருப்பி அனுப்பியது, மறுபடி திருத்தியது என்று மூன்று நான்கு வடிவம் இருக்கும். எந்த வரி காணாமல் போனது, எந்த எண் எத்தனை முறை மாறியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வியூகத்தைப் பற்றிய இழுபறி அங்கேதான் தடம் விட்டிருக்கும்.

வெள்ளைப் பலகையை அழிக்கும் முன் படம் எடுக்க அனுமதி கேட்டு வையுங்கள். புலன (வாட்ஸ்அப்) குழுவின் உரையாடல்களைப் பயன்படுத்த வேண்டுமானால் குழுவில் உள்ள ஒவ்வொருவரின் ஒப்புதலும் வேண்டும். நிர்வாகி ஒருவர் சேர்த்துவிட்டார் என்பது ஒப்புதல் ஆகாது.

8. நேர்காணல் இப்போதுதான்

குறைந்தது மூன்று மாதம் பார்த்த பிறகு. "இந்தத் தோட்டத்தின் வியூகம் என்ன?" என்று கேட்கவே கேட்காதீர்கள். மேனேஜர் கம்பெனி அறிக்கையில் உள்ளதைச் சொல்வார். மண்டோர், "அதெல்லாம் மேனேஜர்கிட்ட கேளுங்க தம்பி" என்பார். அந்தப் பதில் அவர் அடக்கத்தைக் காட்டுகிறதே தவிர, அவர் செய்வதைக் காட்டாது.

நீங்கள் இருவரும் பார்த்த ஒரு நாளைக் கேளுங்கள். "அன்னைக்கு ஆள் குறைஞ்சப்ப ஏன் பன்னிரண்ட தள்ளி வச்சீங்க, ஏன் ஒன்பத தள்ளி வைக்கல?" இதற்கு ஒரு மண்டோர் எனக்கு அரை மணி நேரம் பதில் சொன்னார். மரத்தின் உயரம், லோரி நிற்கும் இடம், மழை பெய்தால் எந்தப் பாதை சகதியாகும், யார் யாரோடு சேர்ந்து வெட்டுவார்கள், குலைக்கு இத்தனை என்ற கூலிக் கணக்கில் உயரமான மரத்தில் ஆள் எவ்வளவு இழப்பான் என்பது வரை. தலைமையகத்தில் யாருக்கும் தெரியாத கணக்கு அது.

9. பகுப்பாய்வு: முதலில் கதை, பிறகு குறியீடு

குறிப்புகளை மென்பொருளில் ஏற்றி வரிக்கு வரி குறியிட (இது எதைப் பற்றியது என்று ஒரு சொல்லால் அடையாளமிட) அவசரப்படாதீர்கள். நூறு குறியீடு வரும், எது எதற்குப் பிறகு நடந்தது என்பது தொலைந்துபோகும். எடுத்துக்கொண்ட விஷயம் தொடர்பாக நடந்தவற்றை முதலில் தேதி வரிசையில் அடுக்கி ஒரு கதையாக எழுதுங்கள். குறியிடல் அதற்குப் பிறகு.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரே சோதனை: இது நடக்காமல் இருந்திருந்தால் பின்னால் எது மாறியிருக்கும்? பதில் இல்லையென்றால் அது உங்கள் ஆய்வுக்கு வெளியே. மனது வலிக்கும், ஆனாலும் எடுத்துவிடுங்கள்.

பதில் இருந்தால், அந்தப் பதிலை நீங்களே சந்தேகப்படுங்கள். பன்னிரண்டாம் பிளாக்கின் விளைச்சல் சரிந்தது ஒத்திவைப்பாலா, மரத்தின் வயதாலா, உரக் குறைவாலா? கிராணியின் அறுவடைப் பதிவேட்டை வாங்கி நாள் நாளாகப் பார்த்தேன். ஆள் குறைந்த நாள்களில் பெரும்பாலும் பன்னிரண்டுதான் தள்ளிப்போயிருந்தது. பக்கத்துப் பதினொன்று அதே ஆண்டு நட்டது, அதே உரம். லோரிப் பாதை ஓரம் என்பதால் அது தள்ளிப்போகவில்லை, விளைச்சலும் அந்த அளவுக்குச் சரியவில்லை. வெள்ளைப் பலகையை அழித்த விரல்தான் மறுநடவை முடிவு செய்தது என்று இதை வைத்து நான் எழுதவில்லை. அந்த முடிவுக்கு ஆதாரமாக நின்ற எண்களை அந்த அன்றாடத் தேர்வு உருவாக்கியது என்று எழுதினேன். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள இடைவெளியைக் காப்பது ஆய்வாளரின் பொறுப்பு.

10. பெயரை மாற்றினால் மட்டும் போதாது

இதைப் பெரும்பாலானவர்கள் கடைசி நாளில் செய்கிறார்கள். நான் இதை மிக முக்கியமாக நினைக்கிறேன். தோட்டத்துப் பட்டணம் சின்னது. காலையில் பெரட்டில் பேசியது மாலையில் கோப்பிக் கடையில் இருக்கும். ஒரு தோட்டத்துக்கு ஒரே ஒரு பெரிய கிராணி. பெயரை "திரு. க" என்று மாற்றிவிட்டு "பெரிய கிராணி சொன்னார்" என்று எழுதினால் யாரை ஏமாற்றுகிறோம்?

பதவியைப் பொதுவாக்குங்கள்: "அலுவலகப் பணியாளர் ஒருவர்". பிளாக் எண்களை மாற்றுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எண்களும் மாற்றியவைதான். ஒருவரால் மட்டுமே சொல்லியிருக்க முடியும் என்று தெரிகிற மேற்கோளை, எவ்வளவு நல்ல மேற்கோளாக இருந்தாலும், அவரிடம் காட்டிக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

காட்டும் வரிசையும் முக்கியம். வரைவை முதலில் மேனேஜரிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவர் பேசிய பகுதியை மட்டும் தனியாக வாசித்துக் காட்டி, எடுக்கச் சொல்வதை எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் மேனேஜருக்கும் தலைமையகத்துக்கும். என் வரைவில் அந்த மண்டோர் இரண்டு வரியை எடுக்கச் சொன்னார். கூலிக் கணக்கு பற்றிய பகுதியை மட்டும் வைக்கச் சொன்னார், "அது அவங்களுக்குத் தெரியட்டும்" என்று. எடுத்த இரண்டு வரியின் மூலக் குறிப்பையும் புத்தகத்திலிருந்து அவர் முன்னாலேயே கிழித்துக் கொடுத்தேன். ஒலிப்பதிவுகளைப் படிவத்தில் எழுதிய தேதியில் அழித்துவிட்டு, அழித்த செய்தியை ஒவ்வொருவருக்கும் புலனத்தில் அனுப்பினேன்.